முதல் தொங்கல்

எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் சாண வாடை அடிக்கும். அப்துல் கஃபார் வீட்டில் மட்டும் கயிற்று வாடை. புதுக் கயிற்றுக்கு ஒரு வாடை, மழையில் நனைந்து காய்ந்ததற்கு ஒரு வாடை, மரப்பால் ஏறியதற்கு இன்னொன்று. மூன்றும் என் மூக்குக்கு அத்துப்படி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், அதுவும் பேருக்குத்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் ‘நூறு’ சொல்வேன். அவர்கள் ரகசியம் பேசினால் என் அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துவிடும்.

சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் வண்டி புதிதாக மணியடித்துக்கொண்டு ஓடிய காலம் அது. என் எருமைகள் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு பாலைக் குறைத்துவிட்டன. தங்லின் பக்கம் துரைமார்களுக்கு மேலும் மேலும் பங்களாக்கள் எழும்பின. பங்களா எழும்பினால் மரம் சும்மா இருக்குமா? கூரை மேல் கிளை சாயும், காற்றடித்தால் ஓடு உடையும். அந்தக் கிளைகளை வெட்டி இறக்கத்தான், கூலிகளை மேய்க்கும் மண்டோர் கோவிந்தசாமியின் ஆட்கள். மரம் ஏறுகிறவன் சுந்தரம். அவன் ஏறும் கயிற்றையும், வெட்டிய கிளையைக் கட்டி இறக்கும் கயிற்றையும் கோத்துக் கொடுப்பவன் கஃபார்.

கஃபார் நாகூர்க்காரன். பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவன். கடல் வாழ்க்கை போதும் என்று இங்கே இறங்கி, ஊரிலிருந்து ரபியாவை அழைத்து வந்து குடித்தனம் வைத்தான். அப்போது இந்த ஊரில் தமிழ்ப் பெண்கள் குறைவு. ரபியா வந்து இறங்கிய அன்று, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைத்தாள் என்று நான் ஒரு செம்புப் பாலை இலவசமாகக் கொண்டுபோய் வைத்தேன். அப்படி நான் செய்தது அதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும்.

கயிறு என்றால் மூன்று புரி. மரப்பட்டையில் உரசி உரசி ஏதாவது ஓர் இடத்தில் நைந்துவிடும். கஃபார் அந்த நைந்த துண்டை வெட்டி எறிவான். மிஞ்சிய இரண்டு முனைகளிலும் புரி பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கோப்பான். முடிச்சுப் போட்டால் கிளைக் கவையில் மாட்டும், பலமும் போய்விடும். கோத்த கயிறு ஒரே கயிறாக ஓடும். மான் கொம்பில் செதுக்கிய ஊசி ஒன்று வைத்திருந்தான். அதை முறுக்குக்குள் திருகி வாய் திறப்பான், அந்த வாயில் ஒரு புரியை நுழைத்து இழுப்பான். ஒவ்வோர் இழுப்புக்கும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். மூன்று புரியும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தையும் மற்ற இரண்டும் சுமக்கும், பிறகு எல்லாமே நழுவும். இந்தத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கஃபார் கப்பலிலிருந்து கொண்டு வந்தது. கோத்த கயிற்றில் கோத்தவன்தான் முதலில் தொங்க வேண்டும். தாழ்ந்த கிளையில் கயிற்றைப் போட்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, மனசுக்குள் ஒரு துஆ ஓதி முடிக்கும் வரை தொங்குவான். முதல் தொங்கல் என்று பெயர். ஆள் பாரத்தைக் கயிறு தாங்குமா என்று பார்க்க அது இல்லை. அதற்கு ஒரு மூட்டை மணலைக் கட்டித் தொங்கவிட்டால் போதுமே. எந்தப் புரியில் அசட்டையாக இருந்தான், எதைச் சரியாக இழுக்காமல் விட்டான் என்பது கோத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தொங்கும்போது அது முகத்தில் வந்துவிடும். சுந்தரம் கயிற்றைப் பார்க்கவே மாட்டான். கஃபார் முகத்தைப் பார்ப்பான், இடுப்பில் கயிற்றைக் கட்டுவான், ஏறுவான்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம் சுந்தரம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நான் வாசலில் பால் செம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் என்னை வம்புக்கு இழுக்கிறவன், அன்று ஏறிட்டும் பார்க்கவில்லை.

“பாய், இத கொஞ்சம் பாருங்க.”

“என்னா தம்பி?”

“கெளைய எறக்கையில வழுக்கிடுச்சு. பாதித் தூரம் வந்துட்டு மடமடன்னு கீழ போயி, தோட்டக்காரன் கோழிக்கூண்டு மேல விழுந்துச்சு. நல்ல வேள, கோழி மட்டுந்தான் செத்துச்சு.”

“மழயில நனஞ்சிக்கும்.”

“மழ இன்னிக்கா பாய் பெய்யிது? நீங்க கோத்தது இதுவரைக்கும் ஒரு நூலு நகந்ததில்ல.” கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். “வீட்டுல முத்தாயி மாசமா இருக்கா பாய். நான் மேல ஒக்காந்து கீழ பாத்தேன். மொத மொதலா எனக்குப் பயமா இருந்துச்சு.”

கஃபார் கயிற்றை வாங்கி மூலையில் போட்டான். சுந்தரத்துக்கு ரபியா கோப்பி கொடுத்தாள். அவன் பாதி குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு ரபியா அந்தக் கயிற்றை எடுத்து மடியில் வைத்துத் தடவினாளாம். புரி பிரிக்கும்போது முனையைப் பிடித்துக்கொள்வது, கோத்த இடத்துக்கு மெழுகு தேய்ப்பது எல்லாம் அவள்தான். அதோடு தாய்வீட்டில் கோரைப்பாய் முடைந்த கை. ஒரு புரி தொளதொள என்று கிடந்தது அவள் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை காரணம் தானாகத் தெரிந்தது. கஞ்சி பொங்கி வழிந்தது. ரபியா கருவாடு சுட்டுக்கொண்டிருந்ததால் கஃபார் எழுந்து போய்ப் பானையை இறக்கினான். துணி இல்லாமல், வெறுங்கையால்.

“மச்சான்! சுடலியா?”

“என்னா சுடலியா?”

“பானை மச்சான்! கையப் பாருங்க, கையப் பாருங்க!”

எனக்கு இந்தப் பக்கம் தோல் கருகிய வாடை வந்தது. கருவாட்டு வாடையோடு கலந்து வந்ததால் அது என்ன என்று முதலில் விளங்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

“எவ்வளவு நாளா இக்கிது?” ரபியா கேட்டாள்.

“போன நோம்புக்கு முந்தியே. மொதல்ல சுண்டுவெரலு. அப்புறம் ஒவ்வொண்ணா. முழங்கைகிட்ட வெள்ளையா ஒண்ணு இக்கிது பாரு. அதுக்குத்தான் நீளக் கைச் சட்ட.”

“எங்கிட்ட சொல்லக் கூடாதா மச்சான்?”

“சொன்னா நீ அழுவே. பக்கத்து வூட்டு லட்சுமியக்கா சொவத்துல காது வச்சுக் கேப்பாக.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது.

பெருநோய், குஷ்டம் என்ற வார்த்தையை அவர்கள் இரண்டு பேரும் சொல்லவே இல்லை. அந்த நாளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் போலீஸ் வரும், டாக்டர் வருவார், அழைத்துக்கொண்டு போவார்கள். பினாங்குக்கு அப்பால் ஒரு தீவு. அங்கே போன ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

“நான் போயிட்டா நீ என்னா பண்ணுவே புள்ளே?” என்றான் கஃபார். “ஊர்ல வாப்பாவும் இல்ல, உம்மாவும் இல்ல. தனியாக் கப்பலேறி யாரு வூட்டுக்குப் போவே? அத நெனச்சுத்தான் வாயத் தொறக்கல.”

ரபியா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: “அந்தக் கயித்த எடுங்க. ஊசியையும் எங்கிட்டக் குடுங்க.”

அன்றைக்குத் தொடங்கினாள். அந்த வீட்டில் சமையல் ஒரு வேளையாகச் சுருங்கியது. கோப்பாள், பிரிப்பாள், மறுபடி கோப்பாள். கஃபார் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்வான். “இழு... இன்னும்... இப்ப தடவிப் பாரு. மூணும் ஒண்ணா இக்கிதா?” அவன் கேட்பான், அவள் தடவுவாள். தானே தொட்டுப் பார்க்க அவன் சில சமயம் கை நீட்டியதும், நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டதும் பலகை இடுக்கில் தெரிந்தது. அவள் உள்ளங்கை தோலுரிந்து போயிற்று. நான் வெண்ணெய் கொடுத்தேன். “வெண்ணெ பூசுனா கயிறு வழுக்கும் அக்கா, வேலை முடியட்டும்” என்று கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டாள்.

அவள் கோத்த முதல் கயிற்றைக் கஃபார் கொண்டு போனான். தொங்கினான். சுந்தரம் அவன் முகத்தைப் பார்த்தான், ஏறினான், இறங்கினான். சாயங்காலம் வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

“பாய்க்குப் பழைய கை திரும்பிடுச்சு லா தங்கச்சி! பாற மாதிரி நின்னுச்சு கயிறு” என்றான் சுந்தரம்.

ரபியா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை என் கொட்டிலுக்கு வந்து, நான் பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எருமை கூட அவளைத் திரும்பிப் பார்த்தது.

“என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“அக்கா, அந்த அண்ணன் எங்க வூட்டுக்காரரு மொகத்தப் பாத்துத்தானே கயித்தக் கட்டுறாரு?”

“ஆமா.”

“அந்த மொகத்துக்கு என்னாக்கா தெரியும்? கோத்தது நானு. எங்க தளந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அவுக எம்மேல உள்ள நம்பிக்கையில சிரிச்சிக்கிட்டே தொங்குறாக. அதப் பாத்துட்டு அவரு ஏறுறாரு. அங்க முத்தாயி வயித்தப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

“தாங்குச்சுல்ல?”

“இந்தத் தடவ தாங்குச்சு.”

“அப்போ சொல்லிடு.”

“சொன்னா மச்சானக் கூட்டிக்கிட்டுப் போயிருவாகளே அக்கா.”

 ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற வாய் என்னுடையது. அன்று பால் செம்பைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்றக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வேலை தங்லினில், ஒரு பெரிய பங்களா. தோட்டத்தில் கிழட்டுத் தெம்புசு மரம். அதன் ஒரு கிளை வீட்டின் ஓட்டுக்கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கிளை என்று சொல்கிறேன், நடுத்தர மரத்தின் அடி அளவு பருமன். சுந்தரம் அதன் மேல் நின்று வெட்ட வேண்டும். நீளம் பற்றாத இரண்டு புதுக் கயிற்றை ரபியா ஒன்றாகக் கோத்துக் கொடுத்தாள். கஃபார் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியும்போதே போய்விட்டான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

“அக்கா, தங்லினுக்கு வழி தெரியுமா?”

“எதுக்கு?”

“மூணாவது சுத்துல ஒரு புரியப் பிரிச்சுத் திரும்பக் கோத்தேன். திரும்பக் கோத்தது சரியா வந்துச்சா இல்லியான்னு என் மனசுக்கு நெலை இல்ல. ராத்திரிலேருந்து இதே நெனப்பு.”

நான் எருமைகளைப் பக்கத்துக் கொட்டில்காரனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். புக்கித் தீமா ரோட்டு வாய்க்காலை ஒட்டி நடந்தோம். வானம் கறுத்துக் கிடந்தது. வழியில் கடை கண்ட இடத்தில் எல்லாம் அவளை ஒரு வாய் கோப்பி குடிக்கச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் அவள் நடந்தது அதுவே முதல் தடவை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கஃபார் தொங்கி முடித்து இறங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மண்டோர் கோவிந்தசாமி குடையை ஊன்றிக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம், மழ வருது” என்று கத்திக்கொண்டிருந்தார். சுந்தரம் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டு மரத்தில் கை வைத்தான்.

“அண்ணே! ஏறாதிய!”

அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

“அத நான் கோத்தேன் அண்ணே.”

“யாருய்யா இந்தப் பொம்பள?” என்றார் மண்டோர்.

சுந்தரம் கஃபாரைப் பார்த்தான். “பாய், தங்கச்சி என்ன சொல்லுது?”

கஃபார் ரபியாவையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சட்டைக் கையை மேலே சுருட்டி, இரண்டு கையையும் நீட்டினான். பானை சுட்ட புண் ஆறாமல் இருந்தது. முழங்கைப் பக்கம் வெளுத்த தேமல் தெரிந்தது.

“நெசந்தான் தம்பி. என் கை செத்துப்போச்சு.”

ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். மண்டோர் குடையை முன்னால் பிடித்துக்கொண்டார், குடை என்னத்தைத் தடுக்கும் என்று தெரியவில்லை. சுந்தரம் நகரவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“அப்போ போன தடவ நான் ஏறுனது?”

“அதும் ரபியா கோத்ததுதான்.”

“எம் பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்குன்னு தெரிஞ்சே நீங்க சிரிச்சிக்கிட்டே தொங்குனீங்க. நான் உங்க மொகத்தப் பாத்து உசுரக் கட்டுனேன் பாய்! உங்க மொகத்தப் பாத்து!” இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தரையில் எறிந்தான். கஃபார் தலை குனிந்து நின்றான். சுந்தரம் அதே சூட்டோடு ரபியா பக்கம் திரும்பினான். “நீ கோத்தியா? அப்போ நீ தொங்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், “நாக்கு அழுகிப்போகும்டா உனக்கு! இத்தன ஆம்பளைங்க நடுவுல பொம்பளப் புள்ளையத் தொங்கச் சொல்லுவியா?” என்று கத்தினேன். ரபியா என் கையைத் தொட்டாள். துப்பட்டியைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“அதுக்குத்தான் வந்தேன் அக்கா.”

சேலைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் நடந்து வருவதைப் பார்த்த சுந்தரத்துக்கு முகம் மாறிவிட்டது. கோபம் இறங்கி, செய்தது என்ன என்று உறைத்திருக்க வேண்டும்.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடா” என்றான். “மண்டோர், நீங்களுந்தான்.”

மண்டோர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவரும் குடையோடு திரும்பி வேலியைப் பார்த்து நின்றார்.

“நான் மட்டும் மொகத்தப் பாப்பேன் தங்கச்சி. பாக்காம நான் ஏற முடியாது. மன்னிச்சுக்க.”

“பாருங்கண்ணே.”

தாழ்ந்த கிளையில் கயிறு விழுந்தது. கோத்த இடம் அவள் தலைக்கு மேலே, கிளைக்குக் கீழே நின்றது. அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். தோலுரிந்த கை. பிஸ்மி சொன்னாள். ஒரு காலைத் தூக்கினாள். கொஞ்சம் தாமதித்தாள்.  மறுகாலையும் தூக்கினாள்.

கயிறு முனகியது. கோத்த இடம் நீண்டு, இறுகி, மெலிந்தது. மெழுகு பிதுங்கியது. அவள் கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. முதலில் அந்த முகத்தில் பயம்தான் இருந்தது, மறைக்க அவளுக்குத் தெரியாது. பிறகு நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்லப் போயிற்று. கைக்கு ஏதோ பதில் வந்த மாதிரி கண்ணைத் திறந்து, மேலே அந்த மூன்றாவது சுற்றை அண்ணாந்து பார்த்தாள். இறங்கினாள்.

“சரியாத்தான் இக்கிது அண்ணே” என்றாள்.

சுந்தரம் கயிற்றைக் குனிந்து எடுத்துத் துடைத்து இடுப்பில் கட்டினான்.  ஏறினான். மழை பிடிப்பதற்குள் அந்தப் பெரிய கிளை கூரை ஓடு ஒன்றைக்கூடத் தொடாமல் தரைக்கு வந்து படுத்தது.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. நெத்திலி பொரித்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சோறு ஆக்கினாள். கஃபார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு சொன்னான்.

“நாளைக்கு டாக்டர்கிட்டப் போறேன்.”

தட்டு கீழே விழுந்தது.

“நான் தொங்குனது உங்கள அனுப்புறதுக்கா மச்சான்? யாரும் சொல்ல மாட்டாக. சுந்தரண்ணன் எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாக.”

“அவுக சொல்ல மாட்டாக. நான்தான் சொல்லப்போறேன். நீ பட்டினி கெடப்பியேன்னுதான் ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு உன் கயித்த அவன் இடுப்புல கட்டுனத என் கண்ணால பாத்துட்டேன். இனி உனக்குச் சோறு இக்கிது. ஒரே தட்டுல தின்னு ஒரே பாயில படுத்து, உன் வெரலும் போயிட்டா? நான் போறேன் புள்ளே.”

ரபியா அழுதாள். நானும் அழுதேன், இந்த முறை சத்தமாகவே. அந்தப் பக்கத்திலிருந்து கஃபார், “அக்கா, நீங்க வேற அழுவாதிய” என்றான்.

ரபியா அதற்குப் பிறகு பல வருஷம் கயிறு கோத்தாள். ஒவ்வொரு புதுக் கோப்புக்கும் மரத்தடிக்குப் போய்த் தொங்கினாள். ஆட்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி நின்றார்கள். முத்தாயிக்குப் பெண் பிறந்து, அந்தக் குழந்தை என் பாலில்தான் வளர்ந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது கஃபார் கப்பலேறிய காலையைப் பற்றி.

கரையில் தனியாக ஒரு கயிறு கட்டி, போகிறவர்களை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று போலீஸ்காரன் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தான். சுந்தரம் வந்திருந்தான். மண்டோர்கூட வந்து தூரத்தில் நின்றார். ரபியா நேராகப் போய், கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, கஃபாரின் கையைப் பிடித்தாள். போலீஸ்காரன் கத்தினான். அவள் காதில் விழவில்லை. சுந்தரம் போய்ப் போலீஸ்காரனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

கஃபார் அவளைப் பார்க்க முடியாமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. திரும்பாமலே கேட்டான்.

“என் கையப் புடிச்சிருக்கியா புள்ளே?”

“புடிச்சுத்தான் மச்சான் இருக்கேன்” என்றாள் ரபியா.